எடிட்டர் சம்பளம்: ஊர்ச் செலவு போக ஒரு நாளைக்கு எவ்வளவு நிற்கும்?

படத்தொகுப்புக்கு வர நினைப்பவர்கள் முதலில் தேடுவது, ‘சென்னையில் எடிட்டருக்கு என்ன சம்பளம்?’ என்பதைத்தான். தேடினால் ஒரு தொகை வந்து நிற்கும். அதை மட்டும் நம்பி வீடு பார்க்கக் கூடாது. அந்தத் தொகைகள் பெரும்பாலும் மாதச் சம்பளம் வாங்குபவர்களை வைத்துப் போட்டவை. உதாரணமாக, அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை தொழில்வாரியாக வெளியிடும் ஊதியக் கணக்கெடுப்பில் திரைப்பட, வீடியோ எடிட்டர்களுக்குத் தனி வரிசையே உண்டு. ஆனால் சுயதொழில் செய்பவர்கள் அதில் சேரமாட்டார்கள். நம் ஊரிலோ எடிட்டிங் வேலை படக் கணக்கிலும் எபிசோடு கணக்கிலும் கல்யாணக் கணக்கிலும்தான் அதிகம் நடக்கிறது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே வேலையில்லாமல் போகும் மாதங்கள் எந்தச் சராசரியிலும் தெரியாது.

ஆகவே இரண்டு எண்களைச் சொந்தமாகக் கணக்குப் போடத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, நிகர நாள்கூலி: பேசிய தொகையில் அந்த வேலைக்காகவே செலவானதைக் கழித்து, வேலை உண்மையில் எடுத்துக்கொண்ட நாட்களால் வகுத்தால் வருவது. மற்றொன்று, தேவைக் கூலி: நீங்கள் இருக்கும் ஊரில் வாடகை, சாப்பாடு, கரண்ட், இயந்திரம் எல்லாம் கட்டி உயிர்வாழ ஒரு வேலைநாளுக்கு எவ்வளவு வந்தாக வேண்டும் என்பது. முதல் எண் இரண்டாவதைவிடக் குறைவாக இருந்தால், எத்தனை படத்தில் பெயர் வந்தாலும் கடன்தான் ஏறும்.

பணம் வரும் வழிகள்

எல்லா எடிட்டிங் வேலைக்கும் ஒரே மாதிரி பணம் பேசுவதில்லை. ஸ்பாட் எடிட்டருக்கு ஷூட்டிங் நாள் கணக்கு, கூடவே பாட்டா (தினப்படி). லேப்டாப்போடு செட்டில் உட்கார்ந்து அன்றைக்கு எடுத்த ஷாட்டுகளை அங்கேயே சேர்த்துக் காட்டுவது வேலை. ஷூட்டிங் முடிந்தால் வேலையும் முடிந்தது என்பதால் கணக்குப் போட இதைவிடச் சுலபமானது வேறில்லை. சீரியலுக்கு எபிசோடு கணக்கு. வாரத்தில் ஐந்தாறு எபிசோடு தவறாமல் போவதால் மாத வருமானம் முன்கூட்டியே தெரியும், தூக்கம்தான் தெரியாது. யூடியூப் சேனல், விளம்பர நிறுவனம் என்றால் மாதச் சம்பளமோ வீடியோ ஒன்றுக்கு இவ்வளவு என்றோ இருக்கும். சினிமாவுக்குப் பெரும்பாலும் ஒட்டுமொத்தத் தொகை, அதைத்தான் பேக்கேஜ் என்கிறார்கள்.

கல்யாண வீடியோ தனி உலகம். ஹைலைட்ஸ் இவ்வளவு, முழு வீடியோ இவ்வளவு, ரீல்ஸ் இவ்வளவு என்று உருப்படிக் கணக்கு. ஆடி, புரட்டாசி, மார்கழியில் முகூர்த்தம் குறைவு. ஆனால் எடிட்டருக்குக் கல்யாணம் முடிந்து சில வாரம் கழித்துத்தான் வேலை சேரும் என்பதால், வைகாசி, ஆனியில் குவிந்ததை ஆடியில் முடிப்பார்கள். உண்மையில் கை காயும் நேரம் அதற்கு அடுத்த மாதம். வாடகைக்குப் பணம் ஒதுக்கும்போது இந்தத் தள்ளிப்போகும் கணக்கை மறந்துவிடக் கூடாது.

இந்த வேலையில் வெளியே தெரியாத செலவு சேமிப்பிடம். 4கேயில் 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் கேமரா ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி எடுக்கும். இரண்டு கேமரா தலா ஆறு மணி நேரம் ஓடினால் 540 ஜிபி. பாதுகாப்புக்கு இரண்டாவது பிரதி எடுத்தால் ஒரு கல்யாணமே 1 டிபியைத் தாண்டிவிடும். ஆல்பத்துக்குப் போட்டோ தேர்வு செய்யவே வீட்டார் மாதக்கணக்கில் இழுப்பார்கள். அதுவரை அந்த ஃபுட்டேஜ் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில்தான் கிடக்கும். ‘வீடியோ கொடுத்த 60 நாளுக்குப் பிறகு ஃபுட்டேஜ் எங்கள் பொறுப்பில் இருக்காது’ என்ற ஒரு வரியை முதல் பில்லிலேயே எழுதிவிட்டால் ஆண்டுக்கு இரண்டு மூன்று டிஸ்க் மிச்சமாகும்.

நான்கு லட்ச ரூபாய்ப் படம்

சிறிய பட்ஜெட் படம் ஒன்றுக்கு ரூ. 4,00,000 பேக்கேஜ் பேசியதாக வைத்துக்கொள்வோம். இந்தத் தொகை கணக்குக்காக எடுத்தது. உங்கள் தொகையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் கேள்வி, அந்த நான்கு லட்சத்துக்குள் என்னென்ன அடங்கும்? அசிஸ்டன்ட் சம்பளம் கம்பெனி தருமா, எடிட்டர் தர வேண்டுமா? எடிட் சூட் (எடிட்டிங் அறை) வாடகை யார் தலையில்? டீசர், டிரெய்லர், லிரிக் வீடியோ, ஓடிடிக்கான தனிப் பதிப்பு ஆகியவையும் இதே தொகையிலா? வாய்ப்பேச்சில் இதை எல்லாம் ‘பார்த்துக்கலாம்’ என்று விடுவதில்தான் பாதிப் பணம் கரைகிறது. ஒரு அசிஸ்டன்டுக்கு ஆறு மாதம், மாதம் ரூ. 15,000 என்றால் ரூ. 90,000. டிஸ்க்குகளுக்கு ரூ. 25,000. படத்துக்காகவே ஆன கரண்ட், போக்குவரத்து, இரவுச் சாப்பாடு ரூ. 35,000. மீதி ரூ. 2,50,000.

அடுத்து நாட்கள். ஷூட்டிங் நடக்கும்போதே சிங்க் செய்து (படத்தோடு ஒலியைப் பொருத்தி) காட்சிகளைக் கோப்பதற்கு 40 நாள். ஷூட்டிங் முடிந்தபின் ‘முதல் கட்’ எனும் முதல் தொகுப்பில் தொடங்கி, இனி வெட்டில் மாற்றமில்லை என்று உறுதிசெய்யும் ‘லாக்’ வரை 60 நாள். அதன்பின் டப்பிங்குக்கும் டிஐக்கும் (நிறத் திருத்தம்) ரீரெக்கார்டிங்குக்கும் (பின்னணி இசை) கொடுப்பது, சென்சார் சொல்லும் வெட்டுகள், கடைசி நேரக் கரெக்‌ஷன் எல்லாம் சேர்த்து 30 நாள். ஆக 130 நாள். இரண்டரை லட்சத்தை 130ஆல் வகுத்தால் நாளுக்கு ஏறக்குறைய ரூ. 1,920. ஒரு நாளை 9 மணி நேரமாக வைத்தே எண்ண வேண்டும். ரிலீஸ் வாரத்தில் 16 மணி நேரம் உட்கார்ந்ததை ஒரு நாள் என்று எண்ணினால் கணக்கு உங்களையே ஏமாற்றும்.

மோசமில்லை என்று தோன்றலாம். ஆனால் இந்த 130 நாளும் தொடர்ச்சியாக வருவதில்லை. ஹீரோ கால்ஷீட், பைனான்ஸ், மழை, மறுபடி இரண்டு நாள் பேட்ச் வேலை (விட்டுப்போனதை எடுப்பது) என்று படம் 14 மாதம் ஓடும். அந்தப் பதினான்கு மாதமும் வாடகை தவறாமல் கேட்கும். அப்படி வகுத்தால் மாதம் சுமார் ரூ. 17,850. இனி, கடைசித் தவணையான 20 சதவீதம், அதாவது ரூ. 80,000, வராமல் போனால்? மிஞ்சுவது ரூ. 1,70,000, மாதத்துக்கு ரூ. 12,150 கூட இல்லை. ‘நான்கு லட்ச ரூபாய்ப் பட’த்தின் உண்மை விலை இதுதான். எடிட்டர்கள் ஒரே நேரத்தில் மூன்று நான்கு படங்களைக் கையில் வைத்திருப்பது ஏன் என்பதும் இந்த வகுத்தலிலேயே தெரிந்துவிடும்.

கடைசித் தவணை ஏன் சிக்குகிறது? சிறு படத்துக்கு விற்பனை முடியும்வரை தயாரிப்பாளர் கையில் பணம் இருக்காது. இருப்பதும் விளம்பரத்துக்கும் டிஜிட்டல் திரையிடல் கட்டணத்துக்கும் போய்விடும். எடிட்டரின் வேலையோ அதற்கு முன்பே முடிந்துவிட்டது. எனவே தவணைகளைத் தேதியோடு கட்டாமல் வேலைக் கட்டத்தோடு கட்ட வேண்டும்: ஒப்பந்தத்தன்று அட்வான்ஸ், பாதி ஷூட்டிங் முடிந்ததும் ஒன்று, முதல் கட் பார்த்த மறுநாள் ஒன்று, டப்பிங்குக்குப் படம் போகும் முன் ஒன்று, லாக் செய்த டைம்லைன் (காட்சிகளைக் கோத்த எடிட் ஃபைல்) டிஐக்குப் போகும் முன் முழு செட்டில்மென்ட். டைம்லைன் ஃபைல் கையைவிட்டுப் போனபின் கேட்பதற்கு மரியாதை மட்டும்தான் மிச்சம். கரெக்‌ஷனுக்கும் ஓர் எல்லை வேண்டும். லாக்குக்குப் பிறகு இரண்டு சுற்று பேக்கேஜில் அடங்கும், அதற்கு மேல் நாள்கூலி என்று எழுதினால் எந்த இயக்குநரும் கோபித்துக்கொள்வதில்லை. ஐந்தாவது சுற்றில் வாய்திறந்து கேட்டால்தான் மனஸ்தாபம்.

வரியும் கணக்கில் உண்டு

கம்பெனி பணம் தரும்போது 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துத்தான் தரும். பான் எண் தராவிட்டால் 20 சதவீதம். பலர் அந்தப் பத்து சதவீதம் போய்விட்டது என்றே நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது போகவில்லை. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் கீழ் வரும் விதிகளில் ‘திரைக் கலைஞர்’ என்ற தொழில் வகையில் எடிட்டரின் பெயரும் உண்டு. ஆகவே 44ஏடிஏ பிரிவின்படி, ஆண்டு வரவு ரூ. 50 லட்சத்துக்குள் இருந்தால், அதில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். கணக்குப் புத்தகம் வைக்கத் தேவையில்லை. ரூ. 4,80,000 வரவு என்றால் வருமானம் ரூ. 2,40,000, வரி இல்லை. பிடித்த ரூ. 48,000 முழுதும் திரும்ப வரும், ரிட்டர்ன் தாக்கல் செய்தால் மட்டும். அதுவரை பல மாதங்கள் அந்தப் பணம் கையில் இருக்காது என்பதை மாதக் கணக்கில் சேர்க்க வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. ஆடிட்டரிடம் பேசும்போது பழைய எண்ணைச் சொன்னாலும் அவருக்குப் புரியும்.

ஜிஎஸ்டி பதிவு ஆண்டு வரவு ரூ. 20 லட்சத்தைத் தாண்டும்போது கட்டாயம். இதில் கவனிக்க வேண்டியது, உங்கள் பில் வழியாகப் போகும் எல்லாமே உங்கள் வரவு. அசிஸ்டன்ட் சம்பளம், சூட் வாடகை, கலரிஸ்ட் (நிறம் திருத்துபவர்) பணம் எல்லாவற்றையும் உங்கள் பெயரில் வாங்கிப் பிரித்துக்கொடுத்தால், கையில் நிற்காத பணத்துக்கும் சேர்த்து அந்த எல்லையைத் தொட்டுவிடுவீர்கள். முடிந்தவரை அவரவருக்குக் கம்பெனியே நேரடியாகத் தரட்டும்.

ஊர் கேட்கும் தொகை

எடிட் சூட்களும் டப்பிங் தியேட்டர்களும் டிஐ கூடங்களும் வடபழனி, சாலிகிராமம், விருகம்பாக்கம், வளசரவாக்கம், கோடம்பாக்கம் வட்டாரத்தில் நெருக்கமாக இருக்கின்றன. அங்கே ஓர் ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்கு ரூ. 14,000 வாடகை என்று வைத்துக்கொண்டால், உண்மையில் ஆகும் செலவு அதுவல்ல. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் அட்வான்ஸை மூன்று மாத வாடகைக்குள் நிறுத்தச் சொல்கிறது. இருவரும் வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொள்ளவும் இடம் விடுகிறது. அதனால் ஐந்து மாதம், அதற்கு மேலும் கேட்கும் வீடுகள் உண்டு. ஐந்து மாத அட்வான்ஸ் ரூ. 70,000ஐ 18 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கினால் மாதம் ரூ. 1,050 வட்டி. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகை பிடிப்பார்கள். இரண்டு ஆண்டு தங்கினால் இந்த ரூ. 28,000 மாதத்துக்கு ஏறத்தாழ ரூ. 1,170 ஆகிறது. ஆக ரூ. 14,000 வீடு உண்மையில் ரூ. 16,200 வீடு. ஓராண்டில் காலி செய்ய நேர்ந்தால் இன்னும் ஏறும். சினிமாக்காரர்களுக்கும் பேச்சிலர்களுக்கும் வீடு தரத் தயங்கும் உரிமையாளர்கள் இருப்பதால், கிடைத்த இடத்தில் நிலைத்திருப்பதே ஒரு சேமிப்பு.

வாடகையைக் குறைக்க மாங்காடு, குன்றத்தூர் பக்கம் போகலாம் என்று பலரும் யோசிப்பார்கள். பகலில் வேலை செய்யும் யூடியூப் எடிட்டருக்கு அது சரிவரும். பட வேலை இரவில் நீளும். 11 மணியோடு மெட்ரோ நின்றுவிடும், பஸ்ஸும் குறைந்துவிடும். மாதம் 12 இரவு ஆட்டோவுக்கு ரூ. 300 கொடுத்தால் ரூ. 3,600, வாடகையில் மிச்சமான ரூ. 4,000 கிட்டத்தட்ட அங்கேயே தீர்ந்தது. நாலு பேர் சேர்ந்து சாலிகிராமத்தில் ரூம் எடுப்பதற்குக் காரணம் இதுதான்.

வீட்டிலேயே எடிட் செய்பவருக்கு மின்கட்டணம் தனிக் கவலை. 500 வாட் இழுக்கும் இயந்திரம் தினம் 10 மணி நேரம், இரண்டு மாதத்தில் 50 நாள் ஓடினால் 250 யூனிட். அந்த அறைக்கு ஏசி சராசரியாக 1 கிலோவாட் இழுத்தால் இன்னும் 500 யூனிட். தமிழ்நாட்டு வீட்டு இணைப்புக் கட்டணம் இரண்டு மாத அளவை வைத்துப் படிப்படியாக ஏறும். 500 யூனிட்டைத் தாண்டியதும் கட்டணப் பட்டியலே மாறி, கீழ்ப்படியில் கிடைத்த மலிவு விலையும் போய்விடும். அதனால் 490க்கும் 510க்கும் இடையே பில் வேறுபாடு 20 யூனிட்டுக்கு உரியதாக இருக்காது. முடித்த வீடியோவை ஃபைலாக்கும் ரெண்டர், எக்ஸ்போர்ட் வேலைகளை ஏசி தேவைப்படாத அதிகாலைக்குத் தள்ளுவதும், 4கேயை அப்படியே வெட்டாமல் ப்ராக்ஸியில் (அதன் சிறிய, இலகுவான பிரதியில்) வெட்டுவதும் பில்லில் தெரியும் அளவுக்கு உதவும். ப்ரோரெஸ் என்ற வீடியோ வடிவத்தின் ப்ராக்ஸி 1080 அளவில், 25 ஃபிரேம் வேகத்தில் மணிக்குச் சுமார் 17 ஜிபிதான்; அதே அளவில் உயர்தரமான ப்ரோரெஸ் 422 எச்க்யூ 83 ஜிபி. 60 மணி நேர ஃபுட்டேஜ் உள்ள படம் ப்ராக்ஸியில் சுமார் 1 டிபியில் அடங்கி, பெரிய இயந்திரம் இல்லாமலும் ஓடும். வீட்டு உரிமையாளர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒரே விலை வாங்கினால் இந்தப் படிக்கட்டுக் கணக்கு பொருந்தாது; வீடு பேசும்போதே கேட்டுவிட வேண்டும்.

மதுரையில் இருந்தால் மலிவா?

இனி தேவைக் கூலி. சென்னையில் வாழ்க்கைச் செலவு மாதம் ரூ. 25,000 என்று வைத்தால் ஆண்டுக்கு ரூ. 3,00,000. தொழில் செலவு: ரூ. 1,60,000 இயந்திரம் நாலு ஆண்டு உழைக்கும் என்றால் ஆண்டுக்கு ரூ. 40,000, டிஸ்க் ரூ. 30,000, மென்பொருள், இசை உரிமம் ரூ. 30,000, இணையம், கரண்ட் ரூ. 30,000, மொத்தம் ரூ. 1,30,000. மருத்துவக் காப்பீட்டுக்கும் அவசரச் சேமிப்புக்கும் ரூ. 50,000. எல்லாம் ரூ. 4,80,000. ஆண்டில் காசு தரும் நாட்கள் 180 என்றால் நாளுக்கு ரூ. 2,670 வந்தாக வேண்டும். 180 குறைவாகத் தெரியலாம். ஞாயிறு, நோய், பண்டிகை, அடுத்த வேலைக்காக அலைவது, காசு வராத டெமோ, காத்திருப்பு எல்லாம் போனால் புதியவருக்கு அதுகூடக் கிடைப்பது கடினம். மேலே பார்த்த படத்தின் ரூ. 1,920 இந்தத் தேவையை எட்டவில்லை.

மதுரையில் அதே வாழ்க்கை ரூ. 17,000க்கு நடக்கிறது என்று வைப்போம். 32 சதவீதம் குறைவு. ஆனால் மொத்தத் தேவை ரூ. 3,84,000, குறைந்தது 20 சதவீதம்தான். இயந்திரமும் மென்பொருளும் டிஸ்க்கும் எந்த ஊரிலும் ஒரே விலை என்பதே காரணம். 180 நாள் வேலை கிடைத்தால் நாளுக்கு ரூ. 2,135 போதும். வேலை 130 நாளாகக் குறைந்தால் அதே மதுரையில் நாளுக்கு ரூ. 2,950 வேண்டும், சென்னையைவிட அதிகம்! மலிவான ஊர், வேலை நாட்களும் குறையாமல் இருந்தால் மட்டுமே மலிவு.

ஆகவே எந்த வேலை ஊர் மாறும், எது மாறாது என்பதே தீர்மானிக்கும். கல்யாண வீடியோ, யூடியூப், வெளிநாட்டு வாடிக்கையாளர் வேலை ஆகியவை கோவையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் நடக்கும். சீரியல் எடிட்டிங்கும் படத்தின் லாக் வரையிலான வேலையும் ஆள் பக்கத்தில் இருந்தால்தான் நகரும். இயக்குநர் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு ஃபிரேமுக்குச் சண்டை போட வேண்டும்.

ஊர்களை ஒப்பிடும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. தொழிலாளர் பணியகம் வெளியிடும் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டில் சென்னை, கோவை, மதுரைக்குத் தனித்தனி எண் இருக்கும். ஓர் ஊரின் எண் கூடுதலாக இருந்தால் அந்த ஊர் செலவு கூடியது என்று படித்துவிடுகிறார்கள். அந்த எண், 2016இல் அதே ஊரில் இருந்த விலையை 100ஆக வைத்து, பிறகு எவ்வளவு ஏறியது என்பதைத்தான் சொல்லும். இரண்டு ஊர்களை ஒப்பிட அதில் வழியில்லை. ஒரே வீட்டு அளவு, அதே சாப்பாடு, அதே இணைய வேகம் என்று ஒரு பட்டியல் போட்டு இரு ஊரிலும் விலை விசாரிப்பதே சரியான வழி. அரை நாள் வேலை.

சென்னைக்கே வருவது என்று முடிவானால், தனி வீட்டுக்கு அட்வான்ஸ் ரூ. 70,000, புரோக்கர் ரூ. 14,000, முதல் மாத வாடகை ரூ. 14,000 சேர்த்து ரூ. 98,000 முதல் வேலைக்கு முன்பே போய்விடும். மூன்று பேர் பகிர்ந்தால் ஆளுக்கு ரூ. 33,000க்குள் முடியும். அதற்கு மேல் மூன்று மாதச் சாப்பாட்டுப் பணம் கையில் வேண்டும். முதல் பேமென்ட் வேலை முடிந்து முப்பது, அறுபது நாள் கழித்து வருவது சாதாரணம். பெப்சியோடு (தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம்) இணைந்த எடிட்டர்கள் சங்கத்தில் உறுப்பினராகும் கட்டணத்தைச் சங்க அலுவலகத்திலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு, முதல் ஆண்டுச் செலவில் தனி வரியாக எழுதிக்கொள்ள வேண்டும்.